மீளா மாற்றம்

ஆறாம் வகுப்பு ‘அ’ பிரிவில் எரித்த அதே காகிதத்தைத்தான் ‘ஆ’ பிரிவிலும் எரித்தாள் பெனிட்டா. நடுவில் கிடைத்த பத்து நிமிட இடைவேளையில் கரித்துகள்களைச் சின்ன மீள்கூட்டில் போட்டு எடுத்திருந்தாள். காகிதம் வெள்ளைவெளேரென்று திரும்பி வந்திருந்தது. மூலையில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்த மீன் படம்கூட ஒரு கோடு மாறாமல் இருந்தது.

"ஒரு காகிதத்தைக் கிழிச்சேன். இன்னொண்ணை எரிச்சேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

முப்பத்திரண்டு பிள்ளைகளும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"வித்தியாசமே இல்ல டீச்சர்" என்றான் முன்வரிசையில் ஒருவன். "ரெண்டையும் கூட்டுல வச்சா பழசாயிரும்."

பெனிட்டா பாடப் புத்தகத்தைத் திறந்தாள். புதிய பொருள் உண்டாகாமல் வடிவமோ நிலையோ மட்டும் மாறினால் இயற்பியல் மாற்றம். புதிய பொருள் உண்டானால் வேதியியல் மாற்றம். உப்பு தண்ணீரில் கரைவது முதல் வகை, இரும்பு துருப்பிடிப்பது இரண்டாம் வகை. அவள் படித்த காலத்துப் புத்தகத்தில் இதற்கடுத்து இன்னொரு வரி இருந்தது. வேதியியல் மாற்றத்தைப் பெரும்பாலும் எளிதில் திருப்ப முடியாது என்ற வரி. ஒன்பது வருடங்களுக்கு முன்பு, தூத்துக்குடிப் பள்ளிகளுக்கு மீள்கூடு வந்த வருடம், அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

தினமும் காலையில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பள்ளிக்குள் நுழையும் இடத்தில் பதிவுவாசல் இருந்தது. அதைத் தாண்டும்போது உடம்பில் எந்த அணு எங்கே இருக்கிறது என்பதை அது முழுதாகக் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்புக்கு அணுப்படி என்று பெயர். பிற்பாடு பிள்ளை மாடியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டால், வாசலுக்குப் பக்கத்திலிருந்த பெரிய மீள்கூட்டில் இருபது நிமிடம் வைப்பார்கள். கூடு ஒவ்வொரு அணுவையும் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். சிந்திப்போனதை அடித்தளத் தொட்டிகளிலிருந்து எடுத்து நிரப்பும். காலை எட்டேகாலுக்கு வாசலைத் தாண்டிய பிள்ளை அப்படியே வெளியே வரும். விழுந்தது, வலித்தது, அன்றைக்குப் படித்த கணக்கு எதுவும் அதனிடம் இருக்காது. ஒருவரின் அணுப்படியே ஒரு கிடங்கை அடைத்துக்கொள்ளும் என்பதால் மறுநாள் புதியது பதிவானதும் பழையது அழிந்துவிடும்.

கூடு இன்னும் போய்ச் சேராத ஒரு கடலோரப் பள்ளியில் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, இந்த ஜூனில்தான் பெனிட்டா இங்கே மாற்றலாகி வந்திருந்தாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்." மூன்றாவது வரிசையில் எழினி எழுந்தாள். பதினோரு வயதுக்குச் சற்றுச் சிறிய உருவம், இரட்டைச் சடை, கனகாம்பரம். எதைக் கேட்பதானாலும் தலையை இடப்பக்கம் சாய்த்துத்தான் கேட்பாள். "என் கை எரிஞ்சா அது எந்த மாற்றம்?"

"வேதியியல் மாற்றந்தான். ஏன்னா தோல்ல இருக்கற புரதம்..."

எழினி அதற்குள் மேசைக்கு வந்துவிட்டாள். குழாயடியில் கையை நீட்டுவதுபோல, சாராய விளக்கின் சுடருக்கு நேர் மேலே உள்ளங்கையைக் கவிழ்த்தாள்.

அவள் போட்ட சத்தத்தில் பெனிட்டாவின் கையிலிருந்த புத்தகம் விழுந்தது. கருகிய நாற்றம் வகுப்பில் பரவியது. மற்றப் பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் கலவரம் இல்லை. இரண்டு பெண்கள் இறங்கி வந்து, பழகிய வேலையைச் செய்கிறவர்களாக, துடித்துக்கொண்டிருந்தவளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இருபத்தைந்து நிமிடத்தில் எழினி திரும்பி வந்தாள். சடையில் கனகாம்பரம் வாடாமல் இருந்தது.

"டீச்சர், பாடம் ஆரம்பிச்சாச்சா?"

"நீ நெருப்புல கையை விட்டுட்டே" என்று சிரித்தார்கள் தோழிகள்.

"நெசமாவா? கத்துனேனா?"

"ஐயோ, எப்படி!"

எழினியும் சேர்ந்து சிரித்தாள். பெனிட்டா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் புதன்கிழமை, பெனிட்டா மறுபடி விளக்கை ஏற்றி, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தாள். எழினி கை தூக்கினாள். தலையை இடப்பக்கம் சாய்த்தாள். "டீச்சர், ஒரு சந்தேகம். என் கை எரிஞ்சா அது எந்த மாற்றம்?"

அதே சொற்கள், அதே குரல். வகுப்பு கொல்லென்று சிரித்தது. எழினி மேசையை நோக்கி நடந்தாள். இந்தத் தடவை பெனிட்டா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிடியில் பெண்ணின் வளையல் நொறுங்கியது.

"நேத்து சுட்டது உனக்குத் தெரியும்ல? இவங்க சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க டீச்சர்." எழினி அவளை வியப்போடு பார்த்தாள். "அதுக்கென்ன?"

அதுக்கென்ன என்ற அந்தச் சொல் பெனிட்டாவை நாள் முழுக்க விடவில்லை. பள்ளி விட்டதும் கூட்டை இயக்கும் சர்வேஷின் அறைக்குப் போனாள். முப்பது வயது, அமைதியான ஆள். எழினியின் பெயரைச் சொன்னதும் பதிவுத் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"இந்த வருஷம் நாப்பத்தி மூணு மீட்பு டீச்சர். இவ பரவாயில்ல. ஏழாம் வகுப்புல ஒரு பையன் அந்தப் பின்பக்கச் சுவர்ல இருந்து பதினோரு தடவை குதிச்சிருக்கான். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அது முதத் தடவை."

"எல்லாமே காயமா?"

"இல்ல. சண்டை, அழுகை, நாயைப் பாத்து மிரண்டதுன்னு பாதிக்குப் பாதி அதான். பயத்தோட பிள்ளைய வீட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு விதி இருக்கே." திரையை அணைத்தான். "ஒன்பது வருஷத்துல இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள்ல ஒரு பிள்ளைகூடச் சாகலை டீச்சர். அது சின்ன விஷயமா?"

சின்ன விஷயம் இல்லைதான். கடலோரப் பள்ளியில் அவள் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தாள். அதனால் எழுந்து வெளியே வந்தாள். ஆனால் நெருப்பு எரியும் எந்த அறையிலும் இந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நுழைவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்குக் கூடு நின்றுபோனது.

குளிரூட்டும் பகுதியில் கோளாறு, கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர வேண்டும், நான்கு மணி ஆகும் என்றான் சர்வேஷ். பதிவுவாசலும் கிடங்கும் பழுதில்லாமல் இருந்தன. தலைமையாசிரியை ஹரிப்பிரியா ஆசிரியர்களைத் தன் அறைக்கு அழைத்தார். ஆய்வகத்தில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த பெனிட்டா சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

"பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் ஹரிப்பிரியா. "தெரிஞ்சா பயந்திருவாங்க. பயந்தா மீட்கவும் வழியில்ல."

"மேடம், தெரியணும்" என்றாள் பெனிட்டா. "நாலு மணி வரைக்கும் ஓடாதீங்க, ஏறாதீங்க, எதையும் தொடாதீங்கன்னு சொல்லியாகணும்."

"ஏன்னு கேப்பாங்களே. என்ன சொல்லுவீங்க?"

"செத்துப்போவீங்கன்னு சொல்லுவேன்."

பிள்ளைகளிடம் அந்த வார்த்தையை யாரும் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. ஹரிப்பிரியா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது மாடியிலிருந்து பொத்தென்று ஒரு சத்தமும், தொடர்ந்து பிள்ளைகளின் கைதட்டலும் கேட்டன.

பெனிட்டா படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆய்வகக் கதவு திறந்து கிடந்தது. மேசைமேல் விளக்குக்கு ஊற்றும் சாராய பாட்டில் கவிழ்ந்து, நீலமாகத் தீ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் சன்னலோரம் நின்று கைதட்டினார்கள். எழினி மேசையோரம் தீயை ஒட்டி நின்றாள். சட்டையின் வலது கை பற்றி எரிந்தது. அவள் முகத்தில் இன்னும் அந்த ஆராய்ச்சிப் பார்வைதான் இருந்தது. அடுத்த நொடியில் அது மறைந்தது.

பெனிட்டா வெறுங்கையால் அந்தச் சட்டையைக் கசக்கி அணைத்தாள். பெண்ணை இடுப்போடு தூக்கிக்கொண்டு, மற்ற இருவரையும் முன்னால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். சர்வேஷ் மணல் வாளியோடு உள்ளே ஓடினான். கைகளைக் குனிந்து பார்த்தபோதுதான் தன் உள்ளங்கைகள் இரண்டும் வெந்து தோல் சுருண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

ஓய்வறைக் கட்டிலில் எழினியைக் கிடத்தினார்கள். பள்ளியில் களிம்பு இல்லை, பஞ்சு இல்லை. முதலுதவிப் பெட்டியை எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. மருத்துவமனைகளிலும் தீக்காயப் பிரிவுகளை மூடிவிட்டார்கள். அங்கேயும் கூடு இருந்தது, ஆனால் எழினியின் அணுப்படி இந்தப் பள்ளிக் கிடங்கில் மட்டும்தான் இருக்கிறது. நான்கு மணிவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெனிட்டா குழாயிலிருந்து பிளாஸ்டிக் குழல் வைத்து அந்தக் கையில் தண்ணீர் ஓடவிட்டாள். தோளுக்குக் கீழிருந்து மணிக்கட்டுவரை வெந்திருந்தது. ஹரிப்பிரியா எங்கிருந்தோ ஒரு தலைவலி மாத்திரையைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்தக் கையைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

முதல் ஒரு மணி நேரம் எழினி அழுதுகொண்டே இருந்தாள். பிறகு அழக்கூடத் தெம்பு இல்லாமல் போனது.

"டீச்சர், இது எப்ப நிக்கும்?"

"நாலு மணிக்கு ஆள் வந்துருவாரு."

"அதுவரைக்கும் இப்படியேவா?"

"ஆமாம்மா."

எழினி அதை நம்ப முடியாமல் அவளைப் பார்த்தாள். வலி என்பது கூட்டின் கதவு மூடும்வரை இருக்கும் ஒரு சமாச்சாரமென்றுகூட அவளுக்கு இதுவரை தெரிந்ததில்லை. ஏனென்றால் அதைக் கடந்து வந்த எழினி எவளும் வெளியே வந்ததில்லை.

"உள்ளுக்குள்ள என்னமோ செய்யுது டீச்சர். நெஞ்சு அடிச்சிக்கிட்டே இருக்கு. கை வலி இல்ல, வேற. இதுக்குப் பேரு பயந்தானே?"

"ஆமா."

"இந்தப் பயம் எந்த மாற்றம்? இயற்பியலா, வேதியியலா?"

பொய் சொல்லிவிடலாமா என்று பெனிட்டா யோசித்தாள். இரண்டு நாளாக இந்தப் பெண்ணுக்குப் புரியவைக்க முடியாததைப் புரியவைக்க இப்போது ஒரு சந்தர்ப்பம் வந்திருந்தது. அப்படி நினைத்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"நீ ஒண்ணைப் பாத்தாலும் கேட்டாலும் பயந்தாலும், மூளையில நரம்பும் நரம்பும் சேருற இடத்துல புதுசா புரதம் உண்டாகும். அப்படித்தான் நமக்கு நெனவு தங்குது. புதுப் பொருள் உண்டானா..."

"வேதியியல் மாற்றம்" என்று முடித்தாள் எழினி. கண்கள் கூரைக்குப் போயின. "அப்ப நாலு மணிக்கு அதையும் கூடு பழசாக்கிருமா?"

"ஆக்கிரும்."

"நீங்க இப்ப சொல்லுததும் போயிருமா?"

"போயிரும்."

"வெளிய வாரவ காலையில வந்த எழினி. சரி. இங்க படுத்திருக்கவ எங்க போவா டீச்சர்?"

பெனிட்டாவின் கையிலிருந்து குழல் நழுவி, தண்ணீர் தரையெங்கும் ஓடியது.

"நான் ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காதீங்க" என்றாள் எழினி. "சில நாள் என் நோட்டைத் திறந்தா நான் எழுதாத வரி இருக்கும். என் கையெழுத்துதான். நான் எழுதலை. யார் எழுதுனதுன்னு நெனச்சி நெனச்சி அந்தப் பக்கத்தையெல்லாம் பசை வச்சு ஒட்டிருவேன். அம்மாட்டகூடச் சொன்னதில்ல. அவளுகளும் என்னைய மாதிரித்தான் இருந்திருப்பாளுக, என்ன டீச்சர்?"

பெனிட்டா தலையை மட்டும் அசைத்தாள்.

"வெளிய வாரவகிட்ட நீங்க சொல்லணும். நான் இருந்தேன்னு சொல்லணும். சும்மா சொல்லக் கூடாது, நம்புற மாதிரி சொல்லணும். எல்லாரும் சிரிச்சிக்கிட்டே சொல்லுவாங்க, நானும் சிரிச்சிருவேன்."

"சொல்லுதேன் எழினி. சத்தியமா சொல்லுதேன்."

நாலே கால் மணிக்குக் கூடு சீரானது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் எழினியின் அம்மா தன்ஷிகா, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். நான்கு மணி நேரமான ஒரு காயத்தை அவள் இந்த ஒன்பது வருடத்தில் பார்த்ததில்லை. மகளின் கை கொப்புளித்து நீர் கோத்திருந்ததைப் பார்த்ததும் சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"அம்மா, வேண்டாம்மா. என்னைய அதுல வைக்காதீங்க" என்றாள் எழினி. "கை இப்படியே இருக்கட்டும். நான் தாங்கிக்கிடுதேன்."

"என்ன பேசுதா இவ?"

"நான் போயிருவேம்மா. உங்களுக்குத் தெரியலையா? நான் இருக்க மாட்டேன்!"

"பிள்ள எப்படிப் பயந்துபோய்க் கிடக்கான்னு பாருங்க" என்று தன்ஷிகா அழுதாள். "நிக்கீங்களே, சீக்கிரம் வைங்க!"

அம்மாவின் அழுகையில் பொய் இல்லை. அதனால்தான் பெனிட்டாவால் குறுக்கே போய் நிற்க முடியவில்லை. எழினி கட்டில் சட்டத்தை நல்ல கையால் பிடித்துக்கொண்டாள். சர்வேஷ் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். அவன் முகம் வேர்த்திருந்தது. கூட்டின் கதவு மூடும்வரை அவள் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கதவு மூடியதும் அந்தச் சத்தம் பாதிச் சொல்லில் நின்றது.

இருபது நிமிடம் கழித்துக் கனகாம்பரச் சடையோடு ஒரு பெண் குதித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னம்மா, நீங்க வந்திருக்கீங்க? மணி என்ன?" என்று கேட்டவள், பெனிட்டாவைப் பார்த்ததும் தலையை இடப்பக்கம் சாய்த்தாள். "என்ன டீச்சர் கையில?"

பெனிட்டா அவள் முன்னால் மண்டியிட்டாள். கைகளில் சுற்றியிருந்த ஈரத்துணியை அவிழ்த்து இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள், சிரிக்காமல். எழினியும் முதலில் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தாள். துணியில் ஒட்டிக்கொண்டு வந்த தோலைப் பார்த்ததும் வாய் மூடியது. கீழுதடு நடுங்க ஆரம்பித்தது.

"டீச்சர்!" ஹரிப்பிரியாவின் குரல் கீச்சிட்டது. "என்ன பண்ணுதீங்க? பிள்ள பயந்துட்டா பாருங்க. சர்வேஷ், இன்னொரு தடவை வை."

மறுபடி கதவு மூடியது. மறுபடி இருபது நிமிடம். மறுபடி கனகாம்பரச் சடை, சாய்ந்த தலை. "என்ன டீச்சர் கையில?"

பெனிட்டா கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "ஒண்ணுமில்ல. அம்மா காத்துக்கிட்டு நிக்காங்க. போ."

அவர்கள் போன பிறகு ஹரிப்பிரியா அவள் தோளைத் தொட்டார். "நீங்களும் உள்ள போயிட்டு வந்துருங்க. இருபது நிமிஷந்தான். சாயங்காலம் வீட்டுக்கு நிம்மதியாப் போகலாம்."

கைகள் காந்தின. உயிர் போகிற மாதிரி வலித்தது. பெனிட்டா கூட்டின் வாசல்வரை போனாள். உள்ளே இதமான வெளிச்சம் இருந்தது. ஒரு எட்டு வைத்தால் கட்டில் இல்லை, தண்ணீர் இல்லை, பாதிச் சொல்லில் நின்ற அந்தச் சத்தம் இல்லை. அப்புறம் அந்த நான்கு மணி நேரத்துப் பெண் உலகத்தில் யாரிடமும் இருக்க மாட்டாள்.

"நான் வரலை மேடம்."

"அப்ப இந்தக் கையோட நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குள்ள வரக் கூடாது. பிள்ளைங்க பாக்கக் கூடாது."

"சரி."

பெரிய கடைத்தெருவில் மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினாள். தீக்காயக் களிம்பு என்று கேட்டதற்குக் கடைப்பெண் ஒருத்தி, "அதெல்லாம் இப்ப யாரு வாங்குதா?" என்று சிரித்தாள். பழைய நூல் சேலையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வெறுமனே படுத்தாள் பெனிட்டா.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வகச் சாவியை ஒப்படைக்க அவள் வந்தபோது எட்டு மணி. பதிவுவாசலுக்கு இருபதடி முன்னால், தண்ணீர்க் குழாய் ஓரமாக நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசலைத் தாண்டினார்கள். தாண்டும்போது ஒவ்வொரு தலைக்கும் மேலே பச்சை விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. சாப்பிட்ட இட்லி, வழியில் கேட்ட பாட்டு, அண்ணனோடு போட்ட சண்டை எல்லாவற்றையும் சேர்த்து வாசல் குறித்துக்கொண்டது.

பெனிட்டா அந்த விளக்கையே பார்த்தாள்.

உள்ளே போன பிறகு நடப்பதைத்தான் கூடு அழிக்கும். வாசலுக்கு இந்தப் பக்கம் நடப்பதை அது ஓர் அணு விடாமல் காப்பாற்றும். பயத்தை இங்கே வைத்துக் கொடுத்துவிட்டால், எத்தனை தடவை மீட்டாலும் கூடு அந்தப் பயத்தையே பத்திரமாகத் திருப்பித் தரும். ஒன்பது வருடத்தில் யாரும் வாசலுக்கு முன்னால் ஒரு பிள்ளையைப் பயமுறுத்தியதில்லை. எந்தப் பெரியவருக்கு அப்படிச் செய்யத் தோன்றும்?

எழினி பேருந்திலிருந்து இறங்கினாள். பெனிட்டாவைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"நேத்து கையை ஒளிச்சீங்கல்ல டீச்சர்? நான் பாத்துட்டேன்."

போய்விடலாம், சாவியைச் சர்வேஷிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம் என்று பெனிட்டாவின் கால்கள் சொல்லின. ஆனால் சத்தியம் செய்திருந்தாள்.

அவள் துணியை அவிழ்த்தாள். நேற்றைவிடக் கைகள் இப்போது மோசமாக இருந்தன. எல்லாவற்றையும் சொன்னாள். தீயை, நான்கு மணி நேரத்தை, பிரித்தெடுத்த விரல்களை. "உனக்குக் கதை மாதிரி இருக்கும். ஆனா நோட்டுல நீ எழுதாத வரி இருக்குன்னும், அந்தப் பக்கத்தையெல்லாம் பசை வச்சு ஒட்டிருவேன்னும் நீதான் எங்கிட்ட சொன்னே. அவளுகளும் என்னைய மாதிரித்தான் இருந்திருப்பாளுகன்னு சொன்னே."

எழினியின் முகம் வெளுத்துப்போனது. யாரிடமும் சொல்லாத விஷயம் அது. அவள் மெல்ல ஒரு விரலை நீட்டி, வெந்த தோலுக்கு ஒரு நூலிழை தூரத்தில் நிறுத்தினாள். தொடவில்லை. விரல் தானாகப் பின்வாங்கியது. நெருப்பில் கையை நீட்டிய பெண் அது.

"எத்தனை பேரு டீச்சர், அப்படிப் போனவளுக?"

"இந்த வருஷம் நாப்பத்தி அஞ்சு."

எழினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பெனிட்டா அவளை அணைத்துக்கொண்டு, காதோரம் அவசர அவசரமாகச் சொன்னாள். "இங்க பாரு. இப்பவும் ஒரு வழி இருக்கு. நீ அழுதுக்கிட்டே போனா சர்வேஷ் அண்ணன் பதியாம நிறுத்திருவாரு. நேத்துக் காலைப் படியை வச்சு மீட்டுருவாங்க. நான் சொன்ன எதுவும் உனக்கு இருக்காது, சந்தோசமா இருப்பே. ஆனா இதோட வாசலைத் தாண்டிட்டா நேத்தைய படி அழிஞ்சிரும். அப்புறம் இதை யாராலயும் எடுக்க முடியாது. உங்க அம்மாவால முடியாது, என்னாலயும் முடியாது. நீதான் சொல்லணும்."

மணி அடித்தது. பிள்ளைகள் அவர்களைத் தாண்டி ஓடினார்கள். எழினி அழுதாள். பிறகு குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள், மறுபடி கழுவினாள், பாவாடையில் துடைத்தாள். வாசலை நோக்கி நடந்தாள்.

சர்வேஷ் அவளை நிறுத்தினான். குனிந்து முகத்தைப் பார்த்தான். "அழுதியாம்மா?"

"இல்லண்ணே. வெயில்."

அவன் நிமிர்ந்து, குழாயடியில் கட்டு அவிழ்ந்த கைகளோடு நின்ற பெனிட்டாவைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நேற்று அவன் பிரித்தெடுத்த விரல்கள் இப்போது புத்தகப் பையின் வாரைப் பிடித்திருந்தன. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழிவிட்டான்.

பச்சை விளக்கு சிமிட்டியது. கிடங்கில் எங்கோ பழைய எழினி அழிந்துபோனாள்.

பெனிட்டா பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த மீளா மாற்றத்தை இன்று ஒரு குழந்தைக்குச் செய்துவிட்டாள். இனி இந்தப் பெண் தூக்கத்தில் அலறலாம். அம்மா ஒவ்வொரு தடவையும் கூட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். ஒவ்வொரு தடவையும் கூடு, துளி குறையாமல், இந்தக் காலைநேரத்துப் பயத்தோடு மகளைத் திருப்பிக் கொடுக்கும். தான் காப்பாற்றியிருக்கிறோமா, கெடுத்துவிட்டோமா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளே பிள்ளைகள் மாடிப்படிகளில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தார்கள். எழினி முதல் படியில் நின்றாள். மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பக்கவாட்டுக் கம்பியை இறுகப் பிடித்தாள். ஒன்பது வருடமாக யாரும் தொடாத கம்பி அது. படிந்திருந்த தூசியில் ஐந்து விரல்களும் பதிய, அவள் ஒவ்வொரு படியாக ஏறினாள்.